பார்படோஸில் சிறிய கடற்கரை பார் நடத்துவது: ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

தென்றல்வாசன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக லண்டனில் உணவக மேலாளராக இருக்கிறேன். என் மைத்துனர் பார்படோஸ் பெண் ஒருவரை மணந்து அத்தீவிலேயே குடியேறியவர். பிரிட்ஜ்டவுனுக்கு வடக்கே, மேற்குக் கரையில், இருபது பேர் அமரக்கூடிய மரத்தாலான சிறிய பார் ஒன்று கைமாற இருக்கிறது என்றும், நானும் பாதிப் பணம் போட்டால் அதை நடத்தும் பொறுப்பை என்னிடமே விட்டுவிடலாம் என்றும் அவர் சொல்லி வருகிறார். சென்ற பிப்ரவரியில் பத்து நாள் அங்கே தங்கியிருந்தேன். மாலை ஆறு மணியளவில் கதிரவன் கடலில் இறங்கும் நேரத்தில் அந்தக் கடையில் ஒரு நாற்காலியும் காலியாக இருந்ததில்லை.

கணக்குப் புத்தகங்களை மைத்துனர் காட்டினார்; அவை எனக்கு ஓரளவு புரிகின்றன. புரியாமல் இருப்பது அங்கே ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்பதுதான். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து இரவு விளக்கை அணைப்பது வரை என்னென்ன வேலை இருக்கும், அவற்றில் எது உயிரை வாங்கும், லண்டன் அனுபவம் அங்கே எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அந்தப் பக்கம் இத்தொழிலில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். மயாமியிலிருந்து பழைய ஐஸ் இயந்திரம் ஒன்றையும் இரண்டு பிளெண்டர்களையும் மலிவாக வரவழைக்கப் போவதாக மைத்துனர் சொல்கிறார். அதைப் பற்றியும் கருத்து இருந்தால் கூறவும்.

உப்புக்காற்று எழுதியது:

தம்பி, நீங்கள் பார்க்கும் அதே கரையில், ஹோல்டவுனுக்கும் ஸ்பைட்ஸ்டவுனுக்கும் நடுவில், ஒன்பது ஆண்டுகள் இப்படிப்பட்ட ஒரு கடையை நடத்தினேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் விற்றுவிட்டு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நான் சொல்வதில் சில விவரங்கள் பழையனவாக இருக்கலாம். ஆனால் உப்பும் ஐஸும் மாறியிருக்க வாய்ப்பில்லை.

காலை ஆறு மணிக்குப் பூட்டைத் திறப்பதே முதல் வேலை என்று எழுதினால் சிரிப்பீர்கள். பித்தளைப் பூட்டாக இருந்தாலும் வாரம் ஒரு முறை எண்ணெய் விடாவிட்டால் கடற்காற்று அதை இறுக்கிவிடும். சாவி உள்ளேயே முறிந்து, கதவின் கீல்களைக் கழற்றி நான் உள்ளே போன நாள்களும் உண்டு. அடுத்ததாக, கடைக்கு முன்னால் இருக்கும் மணலை வாருகோலால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். கடல் திராட்சை மரத்தின் இலைகள் தட்டுத் தட்டாக உதிர்ந்து கிடக்கும். பக்கத்தில் எச்சரிக்கைக்காகச் சிவப்புச் சாயம் பூசிய அடிமரம் ஏதேனும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். அது மன்சினீல் மரம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், பழம் நச்சு. மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே உடம்பைப் பொசுக்கிவிடும். மழை வந்தவுடன் புதிதாக வந்த பயணிகள் சரியாக அதன் அடியில்தான் போய் நிற்பார்கள். அவர்களைக் கூவி அழைப்பதும் உங்கள் வேலையில் சேர்ந்ததே.

இனி ஐஸ். நீங்கள் ரம் விற்கப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் விற்கப் போவது ஐஸைத்தான். அத்தீவில் ரம் பஞ்சுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, கடுமை மூன்று பங்கு, மென்மை நான்கு பங்கு. எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப்பாகு, ரம் என்ற வரிசையில் கடைசியாக வரும் அந்த நான்கு பங்கு, தண்ணீரும் ஐஸும்தான். மேலே பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாறு இரண்டு சொட்டு விட்டு, சாதிக்காயைத் துருவித் தூவிக் கொடுப்போம். பகல் பதினொரு மணிக்கு ஐஸ் தீர்ந்துவிட்டால், அலமாரியில் எத்தனை பாட்டில் இருந்தும் உங்களிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. இருபது நாற்காலிக் கடையில், பருவம் உச்சத்தில் இருக்கும்போது, குடிப்பதற்கும் பியர் பெட்டிகளைக் குளிர்விப்பதற்கும் சேர்த்து நாளொன்றுக்கு எண்பது கிலோவுக்குக் குறையாமல் எனக்குத் தேவைப்பட்டது.

இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் உற்பத்தி அளவை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் காற்று 21 பாகை செல்சியஸ், தண்ணீர் 10 பாகை என்ற நிலையில் கணக்கிட்டது. உங்கள் கொட்டகைக்குள் மதியத்தில் 32 பாகை இருக்கும். குழாய் நீரோ வெதுவெதுப்பாகத்தான் வரும். எழுதியிருக்கும் அளவில் முக்கால் பங்கு கிடைத்தாலே நல்ல இயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே, பார்படோஸ் பவளச் சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த தீவு. நிலத்தடி நீர் அந்தப் பாறையில் ஊறி வடிவதால் குடிப்பதற்கு அருமையாக இருக்கும். அதே நீர் இயந்திரத்தின் உள்தகட்டில் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். ஐஸ் கட்டிகள் தெளிவாக இல்லாமல் பால் நிறத்தில் நொறுநொறுவென்று விழத் தொடங்கினால் சுத்தம் செய்யும் நாள் கடந்துவிட்டது என்று பொருள். நான் மாதம் ஒரு முறை செய்துவந்தேன். உள்ளே வரும் குழாயில் வடிகட்டியும் போட்டிருந்தேன். அதையும் மீறி, ஒரு புத்தாண்டுக்கு முந்தின நாள் இயந்திரம் நின்றுபோனது. எரிபொருள் நிலையங்களில் மூட்டை ஐஸ் தேடி நான்கு மணி நேரம் அலைந்தேன். கிடைத்தவை பதினொரு மூட்டைகள். அவற்றில் இரண்டு வண்டியிலேயே கரைந்துவிட்டன.

கடற்காற்றைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். குளிர்பெட்டியின் கம்ப்ரஸர், பணப்பெட்டி, ஒலிபெருக்கி, மின்விசிறி அனைத்துக்கும் ஆயுள் லண்டனில் இருப்பதில் பாதி என்று கணக்குப் போடுங்கள். துருப்பிடிக்காத எஃகு வாங்கினால் 316 வகையாக வாங்குங்கள். 304 வகை அங்கே பழுப்புப் புள்ளிகளாகப் பூத்துவிடும்.

மனிதர்களிடம் வருவோம். லண்டனில் கடைக்காரரிடம் நேராக விலையைக் கேட்பது இயல்பு. அங்கே முதலில் காலை வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குபவரை வளர்ப்புச் சரியில்லாதவர் என்றே நினைப்பார்கள். முதலாளி அப்படி இருந்தால் ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். இரவில் ஒருவர் உள்ளே நுழையும்போதே “குட் நைட்” என்பார். அவர் விடைபெறவில்லை, இப்போதுதான் வந்திருக்கிறார். முதல் மாதம் நான் ஒரு பெரியவரிடம், “அதற்குள் கிளம்புகிறீர்களா?” என்று கேட்டுவிட்டேன்; அவர் கடைசி வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தான் உங்கள் கடையைக் காப்பாற்றப் போகிறவர்கள். வெயில் தாழ்ந்ததும் நான்கைந்து பேராக வருவார்கள். ஃபிளாஸ்க் என்னும் ஒரு சிறிய பாட்டில் ரம், ஒரு கிண்ணம் ஐஸ், ஒரு கோக் அல்லது தேங்காய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு, டாமினோ கட்டைகளை மேசை அதிர அடித்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதே மேசையில் பயணிகள் நான்கு பேர் அமர்ந்தால் அரை மணி நேரத்தில் அதைவிட மும்மடங்கு செலவழிப்பார்கள் என்று உங்கள் லண்டன் மூளை கணக்குப் போடும். எனக்கும் போட்டது. இரண்டாம் ஆண்டு ஜனவரியில் அந்த மேசையை ஓரமாகத் தள்ளி, டாமினோ சத்தம் பயணிகளுக்கு இடைஞ்சல் என்று மென்மையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் சண்டை போடவில்லை. ஏப்ரல் நடுவில் பயணிகள் குறைந்தபோது அவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ரம் ஷாப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள் முழுவதும் ஏழு பியர் விற்றேன். மேசையை நானே தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டு, அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியதாயிற்று. அந்நாளில் பாங்க்ஸ் என்னும் உள்ளூர் பியர் மூன்று, பத்து பார்படோஸ் டாலர் என்ற விலைக்கு எல்லா இடத்திலும் விற்றார்கள். நானும் உள்ளூர்க்காரர்களுக்கு அதையே வைத்தேன்.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை சம்பாதித்ததைத்தான் ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும். நடுவில் ஆகஸ்டு முதல் திங்களன்று கடூமென்ட் ஊர்வலத்தோடு முடியும் கிராப் ஓவர் திருவிழா கொஞ்சம் கைகொடுக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டு வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் பார்த்தது பிப்ரவரி. கையெழுத்துப் போடுவதற்கு முன் செப்டம்பரில் ஒரு முறை போய், மாலை ஆறு மணிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை பேர் வருகிறார்கள், அவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் பார் நடத்தியவன் அல்லன்; பிரிட்ஜ்டவுனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதியவன். மூத்தவர் நாள் எப்படிப் போகும் என்பதைச் சொல்லிவிட்டார். பணம் போடுவதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

பார்படோஸ் டாலர் 1975 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு என்ற விகிதத்தில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. கல்லாவில் இரண்டு பணமும் கலந்தே விழும். ஆனால் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கும் நாடு அது. லண்டனிலிருந்து கொண்டுவரும் முதலீட்டை மத்திய வங்கியில் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் கடையை விற்று, பணத்தை வெளியே எடுக்கும்போது அது உங்கள் பணம்தான் என்று நிரூபிக்கவே பல மாதங்கள் அலைய வேண்டியிருக்கும். மைத்துனரின் கணக்குக்கு அனுப்பி, “வீட்டுக்குள் தானே” என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் வேலை அனுமதி வரும்வரை பாரின் உள்பக்கம் நின்று ஒரு கோப்பை கூட ஊற்றாதீர்கள். பொதுவான மதிப்புக்கூட்டு வரி 17.5 விழுக்காடு, பழைய உரிமையாளர் காட்டும் வருமானம் அதைச் சேர்த்ததா, கழித்ததா என்று கேளுங்கள்.

இன்னொன்று: அத்தீவில் கடற்கரைகள் அனைத்தும் பொதுமக்களுக்கு உரியவை. கடையின் நிலம் எங்கே முடிகிறது என்பதை அளவையாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். மணலில் போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளின் வாடகையை விற்பவர் வருமானத்தில் சேர்த்திருந்தால், அவற்றைப் போடுவதற்கான அனுமதி யார் பெயரில் இருக்கிறது, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுப்பங்கரை எழுதியது:

உப்புக்காற்று அண்ணா சொன்னதில் பெரும்பாலானவற்றை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் இருந்தது மேற்குக் கரை, சாதுவான கடல். நான் ஆறு ஆண்டுகளாகத் தென்கிழக்கே, கிறைஸ்ட் சர்ச் பகுதியில் என் கணவரோடு சேர்ந்து இதேபோன்ற கடையொன்றின் சமையலைப் பார்த்து வருகிறேன். எங்களுக்கு முதல் எதிரி சர்காசம் கடற்பாசி. 2011 முதல்தான் அது இந்தக் கரைகளில் இவ்வளவு ஒதுங்கத் தொடங்கியது. 2018இல் அரசு அவசர நிலையே அறிவிக்க வேண்டியிருந்தது. ஒதுங்கிய முதல் நாள் பழுப்பு வைக்கோலைப் போலக் கிடக்கும். நான்காம் நாள் அழுகி, முட்டை கெட்ட நாற்றத்தைக் கிளப்பும். அந்த வாயுவினால் என் வெள்ளி மோதிரம் ஒரே வாரத்தில் கறுத்தது. குளிர்சாதனத்தின் செம்புக் குழாய்கள் ஓராண்டில் ஓட்டை விழுந்தன. மேற்குக் கரையில் இது குறைவு என்பதால்தான் அங்கே இடத்தின் விலை கூடுதல். ஆகவே தம்பி, உங்கள் மைத்துனர் காட்டிய இடம் அந்த வகையில் நல்ல இடமே.

சமையலையும் யோசித்துக்கொள்ளுங்கள், குடிப்பதற்கு மட்டும் ஒருவரும் பகலில் வர மாட்டார்கள். நாங்கள் மூன்றே உணவு வைத்திருக்கிறோம்: மீன் வடை, உப்பு ரொட்டிக்குள் பொரித்த மீனை வைக்கும் கட்டர், சனிக்கிழமை மட்டும் சீஸ் சேர்த்துச் சுட்டெடுக்கும் மக்ரோனி பை. மாஹி மாஹி மீனை இங்கே டால்பின் என்றுதான் அழைப்பார்கள். பலகையில் அப்படி எழுதிவைத்து, ஒரு சிறுமி அழுததற்குப் பிறகு, அடைப்புக்குள் “மீன் மட்டுமே” என்று சேர்த்தேன். மிளகாய்க் கூழ் மட்டும் உள்ளூர் முறையில், கடுகும் மஞ்சளும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் அரைத்துச் செய்கிறேன். நம்மூர்க் காரத்தைக் காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அந்த மிளகாயை முதன்முதலில் கடித்த அன்று என் கணவர் ஒரு கிண்ணம் தயிரைத் தேடி ஓடினார்.

புயலைப் பற்றி அண்ணா ஒரு வரியில் கடந்துவிட்டார். 2024ஆம் ஆண்டு ஜூன் 29, சனிக்கிழமை, கென்சிங்டன் ஓவலில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டம் காலை பத்தரைக்கே தொடங்கியதால் ஏழு மணியிலிருந்து மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். கடையில் இந்தியர் எங்களைச் சேர்த்து ஆறு பேர்தான். மற்றவர்களெல்லாம் உள்ளூர்க்காரர்கள், பாதிப் பேர் தென்னாப்பிரிக்கா பக்கம். எல்லையோரத்தில் சூர்யகுமார் அந்தக் கேட்சைப் பிடித்தபோது எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு நான் வெளியே ஓடிவந்ததில் ஒரு சட்டி வடை கருகியது. இந்தியா ஏழு ஓட்டத்தில் வென்றது. எங்களுக்கு அந்த ஆண்டின் மிகப் பெரிய வியாபார நாள் அது. மறுநாள் காலை, கொண்டாட்டத்தின் காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே, அதே கடையின் முகப்பில் ஒட்டுப்பலகைகளை ஆணியடித்துக்கொண்டிருந்தோம். பெரில் புயல் வந்துகொண்டிருந்தது. விமான நிலையம் மூடப்பட்டு, வென்ற அணியே தீவில் மாட்டிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். திங்கள் விடியலில் புயலின் கண் எங்களுக்குத் தெற்கே கடந்து கரியகூ தீவை நொறுக்கியது. எங்கள் கூரை தப்பியது. ஆனால் அலை எழும்பி மீனவர்களின் படகுகளில் பெரும்பகுதியைச் சேதப்படுத்திவிட்டது. அதற்குப் பின் பல மாதங்களுக்கு மீன் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. உறைந்த இறக்குமதி மீனை வாங்கி, அதைப் பலகையில் வெளிப்படையாக எழுதி, விலையைக் குறைத்து விற்றோம். புயல் உங்கள் கூரையைத் தொடாமலேயே உங்கள் கடையை அடித்துவிட்டுப் போகும் என்பதை அந்த ஆண்டு கற்றுக்கொண்டோம். மரக் கட்டடத்துக்குக் காப்பீடு கிடைக்குமா, என்ன விலை என்று பணம் போடும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

இரவு விளக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மே முதல் அக்டோபர் வரை அழுங்காமைகள் கரையேறி முட்டையிடும் காலம். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து, கடைப்பக்கம் ஊர்ந்து வந்துவிடும். கடலை நோக்கிய விளக்குகளை அந்த மாதங்களில் அணைத்துவிட்டு, உள்ளே மங்கலான சிவப்பு விளக்குகளை மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு முறை பணப்பெட்டியின் அடியிலிருந்து மூன்று குஞ்சுகளை எடுத்தேன். வாளியில் ஈர மணலைப் போட்டு, மேலே துணி மூடி, ஆமைப் பாதுகாப்புத் தொண்டர்கள் வரும்வரை வைத்திருந்தேன்.

தென்றல்வாசன் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. டாமினோ மேசையைப் பற்றி மைத்துனரிடம் கேட்டேன். பின்பக்கம், கழிவறைக்கு அருகில் அப்படி ஒரு மேசை மடக்கி வைக்கப்பட்டிருப்பதாகவும், பழைய உரிமையாளர் ஈராண்டுகளுக்கு முன் அதை எடுத்துவிட்டதாகவும் சொன்னார். கணக்குப் புத்தகத்தில் செப்டம்பர், அக்டோபர் விற்பனை ஈராண்டுகளாகச் சரிந்திருப்பதன் காரணம் இதுவாக இருக்குமோ என்று தோன்றுகிறது. மயாமி இயந்திரத்தைப் பற்றி ஒருவரும் குறிப்பிடவில்லையே? பிளக் பொருந்திவிடும், மின்னழுத்தமும் ஒன்றுதான் என்பதால் சிக்கல் இருக்காது என்பது மைத்துனரின் வாதம்.

உப்புக்காற்று எழுதியது:

மன்னிக்க வேண்டும் தம்பி, ஐஸைப் பற்றிய பேச்சில் அதை விட்டுவிட்டேன். பிளக் பொருந்தும், பலர் ஏமாறுவதும் அதனால்தான். பார்படோஸில் வீட்டு மின்சாரம் 115 வோல்ட், அமெரிக்காவைப் போலவே. ஆனால் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அறுபதுக்காகச் செய்த கம்ப்ரஸர் அங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், கூடுதலாகச் சூடேறும். வெளிக்காற்றே 32 பாகை இருக்கும் இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளெண்டர்கள் வேறு வகை மோட்டார். அவற்றுக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை, தாராளமாக வரட்டும். இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “50/60” என்று இருந்தால் வாங்கலாம்.

அந்த மேசையை மடக்கி வைத்த செய்தி எனக்கு இயந்திரத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. அதில் விளையாடியவர்கள் இப்போது எங்கே உட்காருகிறார்கள் என்று உங்கள் மைத்துனரின் மனைவியைக் கேளுங்கள். ஊர்ப்பெண் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

தென்றல்வாசன் எழுதியது:

தகட்டின் படம் வந்தது: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளெண்டர்கள் மட்டும் வருகின்றன. மைத்துனரின் மனைவியிடமும் கேட்டேன், டாமினோ ஆடியவர்கள் சாலையின் வளைவில் இருக்கும் ரம் ஷாப்பில் தினமும் ஐந்து மணிக்குக் கூடுகிறார்களாம், அவருடைய சிற்றப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராம். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். முதல் மாலை அந்த ரம் ஷாப்பில், மறுநாள் மாலை பாரில் உட்காருவதாக இருக்கிறேன்.